ஒழுகல் நீர், தற்காலிகம்

முகம்மது கனிக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும். வேறு எதுவும் தெரியாது என்று அவர் மனைவி ஜுஹைனா சொல்வாள். அவரும் அதை மறுத்ததில்லை. ஓமனில் ஒரு வெள்ளரிப் பண்ணையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். மணலுக்கு நடுவே பெரிய கூடாரம், உள்ளே மண்ணே இல்லாமல் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கொடிகள். காலையிலும் மாலையிலும் தொட்டி தொட்டியாகப் போய் மீட்டரை முக்கி, உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவதுதான் கனியின் வேலை. உப்பு கூடினால் நல்ல தண்ணீர் விடுவார். குறைந்தால் உரக் கரைசல் விடுவார். பதினொரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தப்பாக எழுதினார். அன்றைக்குத்தான் மகள் பிறந்த செய்தி வந்திருந்தது.

ஊருக்குத் திரும்பியவர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இலஞ்சியில், ஜுஹைனாவின் வாப்பா கொடுத்த முப்பது சென்ட் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம் போட்டார். உள்ளே வரிசையாக வெள்ளைக் குழாய்கள், குழாயில் சாண் இடைவெளிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லெட்டூஸ் செடி. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு செடிகள். ஓரத்தில் இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. மோட்டார் அதிலிருந்து தண்ணீரைக் குழாய்களுக்குத் தள்ளும். தண்ணீர் வேர்களை நனைத்துவிட்டுத் தொட்டிக்கே திரும்பி வரும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடத்தில் இருந்த போர் கிணற்றுத் தண்ணீரில் உப்பு மீட்டரை முக்கினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டியது. லெட்டூஸுக்கு உரமெல்லாம் சேர்த்தே எண்ணூறுக்கு மேல் போகக் கூடாது. உரம் போடுவதற்கு முன்பே போர் தண்ணீர் எல்லையைத் தாண்டி நின்றது. ஆனால் ஜூன் பிறந்தால் மலையிலிருந்து சாரல் வரும். கூடாரத்தின் கூரையில் விழும் மழையைத் தகரக் காவாயில் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுவந்து மீட்டரை முக்கினார் கனி. இருபது.

"இருவதுட்டி!" என்றார். "இதுல ஒண்ணுமே இல்ல. என்ன வேணுமோ அத மட்டும் நாம போட்டுக்கிடலாம்."

"மழைத் தண்ணியில மீட்டர முக்கிப் பாத்து சிரிக்க ஆள் ஊர்லயே நீங்க ஒருத்தருதான் மச்சான்" என்றாள் ஜுஹைனா.

முதல் அறுவடை நன்றாக வந்தது. செங்கோட்டையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் மொத்த வியாபாரி ஒருவர் வாரம் இரண்டு முறை எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் அதற்குப் பர்கர் கீரை என்று பெயர் வந்தது. ஓமன் முதலாளி ஆறு மாதம் வரைக்கும் கனியின் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் பண்ணை ஒரு நிலைக்கு வந்துவிட்டால் கனி இங்கேயே இருந்துவிடலாம். மகள் ஹஃப்சாவுக்குப் பத்து வயது. வாப்பாவைப் போனில் பார்த்தே வளர்ந்தவள். நேரில் பேசும்போதும் சற்றுத் தள்ளி, நேராக, கேமராவுக்கு முன்னால் நிற்பது போலவே நிற்பாள். அவள் பக்கத்தில் வந்து உட்கார இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று கனி கணக்குப் போட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். 'மண்ணில்லாமல் கீரை: இலஞ்சி இளைஞர் சாதனை' என்று செய்தி வந்தது. இளைஞருக்கு நாற்பத்து மூன்று வயது.

செய்தி வந்த மூன்றாம் நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் குற்றாலீஸ்வரன், உதவித் தர மேற்பார்வையாளர். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஏசுதாசன், கள உதவியாளர்.

"நீங்கதான் முகம்மது கனியா?"

"ஆமா சார்."

"மண் இல்லாம செடி வளக்குதீங்களா?"

"ஆமா சார்."

"ஏசுதாசா, எழுதிக்க. ஒத்துக்கிட்டாரு."

அப்போதுதான் கனிக்கு விஷயம் தெரிந்தது. தென்காசி யானைப்பாலத்துக்குப் பக்கத்தில் மாடியில் 'மண்ணில்லா வேளாண் நீர்த்தர மேலாண்மை மையம்' என்று ஓர் அரசு அலுவலகம் இரண்டு வருடமாக நடந்து வருகிறது. அதில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். மண்ணில்லாமல் விவசாயம் செய்கிறவர்களின் தண்ணீர் தரமாக இருக்கிறதா என்று கவனிப்பது அவர்கள் பொறுப்பு. அப்படி விவசாயம் செய்கிறவர் யாரும் இல்லாததால் இந்த இரண்டு வருடத்தில் ஒரு குறையும் பதிவாகவில்லை. அதற்காக மையத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது.

"ரெண்டு வருசமாத் தேடுதோம் பாய்" என்றார் குற்றாலீஸ்வரன். குரலில் உண்மையான பாசம் இருந்தது. "நீங்கதான் மொத ஆளு. ஒங்கள விடுவமா?"

பதினொரு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தார். நாலாவது கேள்வி: மண்ணின் நிறம்.

"மண்ணே இல்ல சார்."

"அது தெரியுது. நிறம் என்ன?"

கனி கூடாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். "வெளிய செம்மண்ணு."

"எழுதிக்க. இல்லாத மண்: செம்மண்."

இதற்கெல்லாம் கனி கோபப்படவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். யாராவது காகிதம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், கையெழுத்து கேட்டால் போட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் வரிசையின் கடைசிக்குப் போக நேரிடும். ஆறாவது கேள்வி வரும் வரைக்கும் அவர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஆறாவது கேள்வி: நீராதாரம். கிணறு, ஆழ்துளைக் கிணறு, கால்வாய், குளம், அருவி, இதர.

"மழைத்தண்ணி" என்றார் கனி.

குற்றாலீஸ்வரன் பேனாவை மூடினார். "மழை நீராதாரம் இல்ல பாய். அது வானிலை. அது வேற டிபார்ட்மெண்ட்டு."

"தண்ணிதான சார்?"

"தண்ணிதான். ஆனா அதுக்கு ஒரு இடம் வேணும்லா? கெணறுன்னா சர்வே நம்பர் இருக்கு. கொளத்துக்குப் பேரு இருக்கு. மழை எங்கன இருக்கு, சொல்லுங்க? நாங்க எங்கன போயி மாதிரி எடுக்க? அங்கீகாரம் இல்லாத தண்ணிய ஓட்டுனா மோட்டாருக்கு சீல் வைக்கணும். எனக்கு ஒங்களப் பாத்தாப் பாவமா இருக்கு. போர் இருக்குல்லா, அத விடுங்க."

கனி உப்பளவைச் சொன்னார். ஆயிரத்து இருநூற்று ஐம்பதையும் எண்ணூறையும் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். குற்றாலீஸ்வரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போர் தண்ணீர் பட்டியலில் இருக்கிறது, மழை பட்டியலில் இல்லை என்று அதே குச்சியால் பக்கத்தில் எழுதினார்.

போர் தண்ணீரைத் தொட்டியில் விட்டார்கள். எட்டாம் நாள் இலை நுனிகள் கருக ஆரம்பித்தன. பத்தாம் நாள் குற்றாலீஸ்வரன் வந்து ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார்.

"ஆதாரம் சரியா இருக்கு" என்றார். "செடிதான் சரியில்ல."

ஜுஹைனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், அருவின்னு ஒண்ணு அந்தப் பட்டியல்ல இருந்துச்சுல்லா?"

"இருக்கே."

"அருவியில விழுறது எங்க பெஞ்ச தண்ணி?"

அதற்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது, இயக்குநர்தான் சொல்ல வேண்டும் என்றார் குற்றாலீஸ்வரன். மையத்தின் இயக்குநர் முத்துக்குமாரசாமி கேள்வியைக் கேட்டதுமே நேரில் ஆய்வு செய்ய முடிவெடுத்தார். சனிக்கிழமை காலையில் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள்.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. பஜ்ஜிக் கடைகளின் புகை மேலே போக முடியாமல் தரையிலேயே படர்ந்தது. ஐந்து கிளைகளிலும் வரிசை. மையத்தின் ஒன்பது பேரும் துண்டோடு வந்திருந்தார்கள். கனி மட்டும் முழுச் சட்டை போட்டு, மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து கிளையிலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும் என்று ஏசுதாசனிடம் ஐந்து பாட்டில்களைக் கொடுத்துவிட்டு, முத்துக்குமாரசாமி ஒரு கல்லில் உட்கார்ந்தார். எண்ணெய் தேய்க்கும் ஆள் அவர் உச்சந்தலையில் கால் லிட்டர் எண்ணெயை ஊற்றி அறைய ஆரம்பித்தார்.

"தூய்மைங்கது பாய்," என்றார் இயக்குநர், தலை முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருக்க, "வெளியில இருந்து வாரது இல்ல. தண்ணிக்குள்ள மனுசன் எறங்குறான் பாத்தீங்களா, அங்கனதான் தரம் போயிருது. நான் இதப் பத்திப் பதினாலு அறிக்கை எழுதிருக்கேன். முதுகுல நல்லா அழுத்துப்பா."

"சார், மலையில மழை பெஞ்சா அது அருவி" என்றார் கனி. "எங்க கூரையில பெஞ்சா என்ன சார்?"

முத்துக்குமாரசாமி கண்ணை மூடி யோசித்தார். எண்ணெய் அவர் காதுவழியாக இறங்கி, கல்லில் வழிந்து, தண்ணீரில் கலந்து, ஏசுதாசன் குனிந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்த இடத்தை நோக்கிப் போனது.

"கூரையில பெஞ்சா," என்றார் கடைசியில், "அது ஒழுகல்."

குற்றாலீஸ்வரன் துண்டை ஏசுதாசனிடம் கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார்.

"இதரன்னு ஒரு கட்டம் சும்மாதான கெடக்கு? அதுல போடுங்க. ஒழுகல் நீர். தற்காலிகம்." எண்ணெய் தேய்த்ததில் அவர் மனம் இளகியிருந்தது. "ஒரு விவசாயிக்கு நம்மளால முடிஞ்சது."

ஐந்து பாட்டில்களின் ஆய்வு முடிவு அடுத்த வாரம் வந்தது. ஐந்திலும் எண்ணெய்ப் படலம். அருவி நீரை அசுத்தப்படுத்துகிறவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முத்துக்குமாரசாமி தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. அந்தக் குழு சீசன் முடியும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தருவிக்குப் போய் வந்தது.

கனிக்கு மழைத் தண்ணீர் திரும்பக் கிடைத்தது. தொட்டியைக் கழுவி நிரப்பி உரம் கலந்தார். புதுத் துளிர் பச்சையாக வந்தது. இரண்டு வாரம் எல்லாம் சரியாக நடந்தது. அதன் பிறகு குற்றாலீஸ்வரன் கேமராவுடன் வந்தார்.

"ஒழுகலப் படம் எடுக்கணும் பாய். கோப்புல வைக்க."

"ஒழுகாது சார். கூரை புதுசு. காவா வழியா வருது."

குற்றாலீஸ்வரன் அண்ணாந்து கூரை முழுவதையும் பார்த்தார். முகம் வாடிப்போனது. "ஒழுகாத கூரைக்கு ஒழுகல் நீருன்னு அனுமதி குடுத்தது தெரிஞ்சா, பொய்யான தகவல் குடுத்ததா ஒங்க மேலதான் வரும். சார் கையெழுத்துப் போட்டுட்டாரு. கோப்ப மாத்த முடியாது." வேறு வழியில்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூரைய மாத்தலாம்."

ஜுஹைனா பிளேடைக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கனியே போய் எடுத்து வந்தார். ஏணியில் ஏறி, காவாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கூரையைக் கிழித்தார். ஏசுதாசன் அடியில் ஒரு வாளியை வைத்தார். சாரலுக்குக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். முதல் சொட்டு விழுந்ததும் குற்றாலீஸ்வரன் படம் எடுத்தார்.

கிழித்தபோது என்ன நினைத்தார் என்று ஜுஹைனா பிறகு கேட்டாள். கனிக்கு எதுவும் நினைவில்லை. காதுக்குள் தண்ணீர் போனதுபோல எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது என்பது மட்டும் நினைவிருந்தது. அந்த அடைப்பு சில நாளில் போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை.

அடுத்தது பதிவேடு. ஏசுதாசன் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து மணிக்கு ஒரு முறை தொட்டியில் மீட்டரை முக்கி எழுத வேண்டும் என்று உத்தரவு. ஏசுதாசன் நல்ல மனிதர். பேசவே மாட்டார். கூடாரத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மணிக்கும் எழுந்து எழுதிவிட்டு உட்காருவார். காலையில் எண்ணூறு, மதியம் எழுநூற்று எண்பது, மாலையில் எழுநூற்று அறுபது. புளிப்பளவும் காலையில் ஆறு, மாலையில் ஆறேகால்.

ஒரு வாரப் பதிவைப் பார்த்ததும் குற்றாலீஸ்வரன் ஓடி வந்தார். "தண்ணி நெலையா இல்லியே பாய்! ஒரு மாசம் தொடர்ந்து ஒரே அளவுல இருந்தாத்தான் தரச் சான்று. இது காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னு ஆடுதே!"

"ஆடத்தான் செய்யும் சார்" என்றார் கனி. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் பழைய தெளிவு இருந்தது. "செடி குடிக்குதுல்லா? உரத்தையும் தண்ணியையும் எடுத்துக்கிடுது. அது எடுக்க எடுக்க அளவு மாறும். காலையில நாம திரும்பச் சரிபண்ணி விடுதோம். மாறலன்னாத்தான் பயப்படணும். வேரு செத்துட்டுன்னு அர்த்தம்."

குற்றாலீஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். "அப்ப, தண்ணியோட தரத்தக் கெடுக்கது செடிதானா?"

"கெடுக்கல சார். குடிக்குது."

"நீங்க வாயால சொல்லிட்டீங்க. ஏசுதாசா, எழுதிக்க."

இரண்டு வருடத்தில் முதல் முறையாக, தண்ணீரின் தரம் கெடுவதற்கு மையத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மறுநாளே அறிவிப்பு வந்தது. தொட்டி நீரின் தரத்தைத் தொடர்ந்து பாதித்து வருவதாகத் தெரிய வந்துள்ள ஆயிரத்து எண்ணூறு செடிகளையும் ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்தி, அதன்பின் முப்பது நாட்கள் நீரை நிலைநிறுத்த வேண்டும்.

"செடிக்காகத்தான சார் தண்ணி?" என்று ஜுஹைனா கேட்டாள்.

"முப்பது நாளுதாம்மா. சான்று வந்துட்டா ஒங்கள யாரு கேக்கப் போறா?" என்றார் குற்றாலீஸ்வரன். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

செடிகள் பாதி வளர்த்தியில் இருந்தன. கேரள வியாபாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஜுஹைனா கட்டுக் கட்டாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். யாருக்கும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் பொரியல் செய்தார்கள், கசந்தது. ஒரு வீட்டில் பருப்போடு போட்டார்கள், காணாமல் போனது. மீதியை ஆடுகள் தின்றன. ஆடுகளுக்கு மட்டும் பிடித்திருந்தது.

தொட்டிக்கு மூடி போட்டு அரக்கு வைத்தார்கள். மீட்டர் நுழைய மட்டும் ஒரு சிறு துவாரம். வெள்ளைக் குழாய்களின் துளைகளில் சிலந்திகள் வந்தன. ஏசுதாசன் மணிக்கு ஒரு முறை எழுந்து எழுதினார். எண்ணூறு, எண்ணூறு, எண்ணூறு.

இருபதாம் நாள் ஓமனிலிருந்து போன் வந்தது. ஆறு மாதம் முடிந்துவிட்டது, வேறு ஆள் எடுத்தாயிற்று, வருத்தப்பட வேண்டாம் என்றார் முதலாளி. கனி, "சரி முதலாளி" என்றார். ஜுஹைனா பக்கத்தில்தான் நின்றாள். அவர் போனை வைத்துவிட்டு, அதே முகத்தோடு, மணி பதினொன்று ஆகிவிட்டதே, ஏசுதாசன் எழுதிவிட்டாரா என்று பார்க்கப் போனார். அன்று மாலை ஹஃப்சா பள்ளிக்கூடத்தில் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து வழக்கம்போல் தள்ளி நின்று காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றார். என்ன படம் என்று அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் விழா. கூடாரத்துக்குள்ளேயே பந்தல் போட்டார்கள். குழாய்களின் மேல் பூமாலைகளைத் தொங்கவிட்டார்கள். தொட்டிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு முத்துக்குமாரசாமி பேசினார்.

"பெரியோர்களே, இந்த மையம் ஆரம்பிச்சப்ப எங்களுக்கு ஒரு விவசாயி கூடக் கெடையாது. ஆனா நாங்க ஒம்பது பேரும் ஒரு நாள் கூட ஆபீசுக்கு வராம இருந்ததில்ல. வந்து என்ன செஞ்சீங்கன்னு சில பேரு கேக்கான். வந்தோம்லா? அதுதான் சேவை. இன்னைக்கு இந்தத் தண்ணியப் பாருங்க. முப்பது நாளா ஒரு சொட்டு மாறல. எப்படி முடிஞ்சுது? தண்ணிக்கு எதிரி யாருன்னு கண்டுபுடிச்சோம். உபயோகம்தான் எதிரி! ஒரு பொருள யாரும் உபயோகிக்காத வரைக்கும்தான் அது தரமா இருக்கும். இதுக்கு எங்க மையத்த விட வேற சாட்சி வேணுமா?"

ஒன்பது பேரும் கை தட்டினார்கள். சான்று கனியின் கையில் கொடுக்கப்பட்டது. மூன்று வருடம் செல்லும். ஏழாவது நிபந்தனை: இக்காலத்தில் மேற்படி நீரின் அளவுகளில் மாற்றம் உண்டாக்கும் எச்செயலிலும் ஈடுபடலாகாது, மேற்படி இடத்தில் வேறு நீரும் பயன்படுத்தலாகாது.

கனி இரண்டு முறை படித்தார். "சார், அப்ப செடி?"

முத்துக்குமாரசாமி அவர் தோளில் கை போட்டார். "செடி எவன் வேணும்னாலும் வளப்பான் பாய். இத யாரால செய்ய முடியும்? நீங்க இனிமே முன்னோடிப் பண்ணையாளர்."

அதன் பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். மையம் மற்ற வட்டாரங்களிலிருந்து விவசாயிகளை வேனில் அழைத்து வந்தது; முதலில் இலஞ்சி, பிறகு அருவிக் குளியல். ஏசுதாசனுக்கு வேறு வேலைகள் வந்துவிட்டதால் பதிவேடு கனியிடம் கொடுக்கப்பட்டது. காலை எட்டிலிருந்து மணிக்கு ஒரு முறை எழுந்து எழுதினார். நன்றாகவே எழுதினார். ஓமனில் எழுதியதை விடக் கையெழுத்து அழகாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் புளியங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் முப்பிடாதியம்மாள் என்று ஒரு விவசாயி இருந்தார். எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெறும் குழாய்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்கன என்ன அண்ணாச்சி வெளையுது?"

"தண்ணி" என்றார் கனி.

"தண்ணியா? அத வச்சு என்ன செய்வீய?"

"அளப்போம்."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் தொட்டிப் பக்கம் போனார். அன்று ஆய்வுக்காக அரக்கை எடுத்து மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. நல்ல தண்ணீரைப் பார்த்த விவசாயி என்ன செய்வாரோ அதைச் செய்தார். கையை உள்ளே விட்டார்.

"தொடாதீங்க!"

கூடாரமே அதிர்ந்தது. கனிக்கு அப்படி ஒரு குரல் இருப்பது ஜுஹைனாவுக்குக் கல்யாணமான இந்தப் பதினான்கு வருடத்தில் தெரியாது. முப்பிடாதியம்மாள் கையை வெடுக்கென்று எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டே பின்னால் போனார். "தெரியாமத் தொட்டுட்டேன் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய."

"பாத்தீங்களா!" என்றார் குற்றாலீஸ்வரன் பெருமையோடு. "பண்ணையாளருக்கு வந்திருக்க பொறுப்பப் பாத்தீங்களா!" கை தட்டினார். வேனில் வந்தவர்களும் தட்டினார்கள்.

கனி தொட்டியில் மீட்டரை முக்கி, அளவு மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜுஹைனா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தொட்டியின் அடியில் உட்கார்ந்து கழிவு வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. குற்றாலீஸ்வரன் வால்வை மூடப் போனார். ஜுஹைனா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு பெண்ணைத் தூக்கி நகர்த்த விதிகளில் இடம் இல்லை. "பாய், நீங்க சொல்லுங்க பாய்" என்று கெஞ்சினார். கனி, தண்ணீர் குழாய்களுக்கு அடியில் ஓடி, கூடாரத்தை விட்டு வெளியேறி, செம்மண்ணில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் வந்தவர்கள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டார்கள். முப்பிடாதியம்மாள் மட்டும் வேனின் ஜன்னல் வழியாக ஜுஹைனாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

"நீங்க கத்துனது அந்தம்மாவ இல்ல மச்சான், ஆபீசுக்காரங்களத்தான்" என்றாள் ஜுஹைனா, எல்லோரும் போன பிறகு. "ஒங்களுக்கே தெரியல."

கனி பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியுது" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குற்றாலீஸ்வரனும் ஏசுதாசனும் வந்தார்கள். குற்றாலீஸ்வரன் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சான்று போய்விட்டால் மையத்துக்கு இருக்கும் ஒரே பண்ணை போய்விடும். ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஏசுதாசன் பழக்கத்தில் மீட்டரை வெறும் தொட்டிக்குள் விட்டார். அது பூஜ்யம் காட்டியது. எழுதினார். ஒன்பது மணிக்குத் திரும்ப விட்டார். பூஜ்யம். பத்து மணிக்கும் பூஜ்யம்.

குற்றாலீஸ்வரன் பதிவேட்டை வாங்கி அந்த மூன்று வரிகளையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் இயக்குநருக்குப் போன் போட்டார். உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது.

"இல்ல சார். தண்ணி இல்ல சார்... ஏற்ற எறக்கமா? அது இல்ல சார். எட்டு மணியில இருந்து ஒரே அளவுதான்... ஆமா சார். இது வரைக்கும் எடுத்ததுலயே இதுதான் சார் நெலையா இருக்கு."

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பதிவேட்டைக் கனியிடம் நீட்டினார். "தரம் திருப்திகரம்" என்று எழுதி, அடியில் பண்ணையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். கனி போட்டார்.

"ஒண்ணும் ஆவல பாய், நீங்க தைரியமா இருங்க" என்றார் குற்றாலீஸ்வரன், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "ஆனா தொட்டி மூடிய மட்டும் எப்பவும் போட்டே வைங்க. மழை கிழை பெஞ்சு உள்ள தண்ணி விழுந்துறப் போவுது."